தன்னியக்க நரம்பு, அழற்சி, வலி மருந்துகள் (செவிலியர் மருந்தியல்)

தன்னியக்க நரம்பு மண்டலத்தின் மீது செயற்படும் மருந்துகள், அழற்சி எதிர்ப்பு மருந்துகள், வலிநீக்கிகள் ஆகியவை செவிலியர் மருந்தியலில் கற்பிக்கப்படும் மூன்று மருந்துத் தொகுதிகள் ஆகும். வேதியியல் அடிப்படையில் இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை. எனினும் மருத்துவமனைப் பயன்பாட்டில் இவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. இவற்றில் பலவற்றுக்கு மருந்துச்சீட்டில் எழுதப்பட்ட அளவு ஒரு தொடக்கம் மட்டுமே. அடுத்த அளவைத் தருவதா, கூட்டுவதா, நிறுத்துவதா என்பது நோயாளியின் கண்பாவை, நாடித்துடிப்பு, மூச்சு, சிறுநீர், வலி ஆகியவற்றை அருகிலிருந்து பார்ப்பவர் தரும் தகவலைச் சார்ந்தது. உள்நோயாளிப் பிரிவில் அவ்வாறு பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியரே.

இந்திய செவிலியர் மன்றம் 2021-இல் திருத்திய இளநிலைப் பாடத்திட்டத்தில் மருந்தியல் மூன்றாம், நான்காம் பருவங்களில் இடம்பெறுகிறது. இக்கட்டுரை பாடத்திட்டத்தின் வரிசையைப் பின்பற்றவில்லை. வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் இம்மருந்துகள் தேவைப்படும் சூழல்களை எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு விளக்குகிறது. இங்குக் குறிப்பிடப்படும் அளவுகள் கல்விக்கானவை. மருத்துவரின் அறிவுரைக்கு மாற்றானவை அல்ல.

வடசென்னைப் பின்புலம்

கொருக்குப்பேட்டை, சென்னை சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி தொடர்வண்டித் தடத்தில், துறைமுகத்துக்குப் பிரியும் சரக்குத் தடங்களை ஒட்டி அமைந்துள்ளது. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கே நீளும் இப்பகுதியில் சுமைப்பணி, மீன்பிடித் தொழில், உர, எண்ணெய், வேதித் தொழிற்சாலைகள் ஆகியன மக்களின் வாழ்வாதாரங்களாக உள்ளன. இப்பகுதி மக்கள் நாடும் பெரிய அரசு மருத்துவமனை ஸ்டான்லி மருத்துவமனை ஆகும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சகால மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இம்மருத்துவமனை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று அழைக்கப்பட்டது. இங்கு 1938-இல் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரி, சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை உள்ளது.

தன்னியக்க நரம்பு மருந்துகள்

இதயத் துடிப்பு, மூச்சுக்குழாயின் அகலம், உமிழ்நீர், வியர்வை, குடல் அசைவு, கண்பாவையின் அளவு போன்றவை நம் விருப்பத்தைச் சாராமல் நடைபெறுகின்றன. இவற்றை இயக்குவது தன்னியக்க நரம்பு மண்டலம். இதில் பரிவு நரம்புகள் உடலை ஓடவும் போராடவும் ஆயத்தப்படுத்துகின்றன. துணைப்பரிவு நரம்புகள் ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் உரியவை. முன்னவற்றின் முனைகளில் பெரும்பாலும் நோரட்ரினலினும், பின்னவற்றின் முனைகளில் அசிட்டைல்கோலினும் சுரக்கின்றன. நரம்புகள் வேதிப்பொருள் வழியாகவே உறுப்புகளுக்குச் செய்தி அனுப்புகின்றன என்பதை 1921-இல் ஓட்டோ லோவி தவளையின் இதயத்தில் செய்த ஆய்வு காட்டியது. இதற்காக அவரும் என்றி டேலும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பரிவு நரம்பு ஏற்பிகளை ஆல்பா, பீட்டா எனப் பிரித்தவர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் (1948).

மாணவர்களுக்கு இப்பகுதி கடினமாகத் தோன்றுவதற்குப் பெயர்ப் பட்டியலின் நீளமே காரணம். நடைமுறையில் ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு கேள்விகள் போதும். அது எந்த நரம்பின் வேலையைச் செய்கிறது அல்லது தடுக்கிறது? அதை உடலில் எங்கே பார்க்கலாம்? இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அட்ரோப்பீன்.

அட்ரோப்பீனும் பூச்சிக்கொல்லி நஞ்சும்

கரிமப் பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் கோலினெஸ்டிரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. இதனால் அசிட்டைல்கோலின் தேங்கி, துணைப்பரிவு நரம்பின் செயல்கள் அனைத்தும் கட்டுக்கடங்காமல் போகின்றன. கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், உமிழ்நீர், கண்ணீர், வியர்வை பெருகும், நாடி தளரும், நுரையீரலில் நீர்ச்சுரப்பு நிறைந்து நோயாளி தன் சுரப்பிலேயே மூழ்கும் நிலை ஏற்படும். தசைகள் துடித்துப் பின் செயலிழக்கும்.

இந்நஞ்சு வயல்வெளிக்கு மட்டும் உரியதன்று. 1958-இல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்வில், கப்பலில் ஏற்றப்பட்டிருந்த பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கசிந்து உடன் வந்த உணவு மூட்டைகளில் ஊறியதே காரணம். இந்தியாவில் 1968-இல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் கொண்டுவரப்பட இந்நிகழ்வு தூண்டுகோலாயிற்று. சரக்கு இறக்கும் துறைமுக ஊர்களில் இவ்வரலாறு நினைவில் கொள்ளத்தக்கது.

அட்ரோப்பீன் அசிட்டைல்கோலினின் மசுக்கரினிக் ஏற்பிகளை அடைத்து இவ்விளைவுகளைத் தடுக்கிறது. இலங்கையின் வட மத்திய மாகாண மருத்துவமனைகளில் பணியாற்றிய ஆய்வாளர்கள் பரப்பிய முறையில், தொடக்க அளவாக 1.8 முதல் 3 மி.கி. வரை சிரைவழி தரப்படுகிறது. ஐந்து நிமிடத்தில் போதிய மாற்றம் இல்லையெனில் அளவு இரட்டிக்கப்படுகிறது. வங்காளதேசத்தில் நடந்து 2012-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஒரே அளவைத் திரும்பத் திரும்பத் தந்த பழைய முறையில் இறப்பு 22.5 விழுக்காடாகவும், இரட்டித்துத் தந்து பின் தொடர் சொட்டாக மாற்றிய முறையில் 8 விழுக்காடாகவும் இருந்தது. மருந்து ஒன்றே, மாறியது தரும் முறை மட்டுமே.

இதன் கணக்கு செவிலியருக்கு முதன்மையானது. இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் அட்ரோப்பீன் ஆம்பூல் ஒன்றில் 0.6 மி.கி. உள்ளது. எனவே 1.8 மி.கி. என்பது 3 ஆம்பூல்கள். அடுத்த சுற்றுகளில் 6, 12, 24 எனப் பெருகும். நான்கு சுற்றுகளில், அதாவது ஏறத்தாழ கால் மணி நேரத்தில், 45 ஆம்பூல்கள் உடைக்கப்பட்டு 27 மி.கி. மருந்து செலுத்தப்பட்டிருக்கும். பிற நோயாளிகளுக்கு ஓர் ஆம்பூல் மட்டுமே தந்து பழகியவருக்கு இது அச்சமூட்டும் எண்ணிக்கை. தயங்கி நிறுத்துவதும், பதற்றத்தில் எண்ணிக்கையைத் தவறவிடுவதும் இங்கு நேரக்கூடிய இரு பிழைகள். ஒருவர் உடைத்து நிரப்ப, ஒருவர் செலுத்த, மற்றொருவர் நேரத்தையும் எண்ணிக்கையையும் எழுதுவது உகந்தது. பின்னர் தரப்படும் தொடர்சொட்டின் அளவு இம்மொத்தத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. மணிக்கு 10 முதல் 20 விழுக்காடு என்றால், 27 மி.கி.க்கு 2.7 முதல் 5.4 மி.கி. வரை ஆகும். மொத்தம் தவறினால் இதுவும் தவறும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு ஐந்து குறிகள் உள்ளன: நெஞ்சில் நீரொலி இல்லாமை, நாடி நிமிடத்துக்கு 80-க்கு மேல், சுருக்க இரத்த அழுத்தம் 80-க்கு மேல், அக்குள் உலர்தல், கண்பாவை ஊசிமுனை நிலையிலிருந்து விரிதல். இவற்றுள் நெஞ்சும் இரத்த ஓட்டமும் முதன்மையானவை. கண்பாவை மெதுவாகவே விரியும்; அதற்காகக் காத்திருந்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போகக்கூடாது. நெஞ்சின் ஒரு பக்கத்தில் மட்டும் நீரொலி கேட்டால், அது வாந்தி நுரையீரலுக்குள் சென்றதாலும் இருக்கலாம். அக்குளைக் கைவிட்டுப் பார்ப்பது எந்தக் கருவியும் தேவைப்படாத, ஆனால் பலமுறை விட்டுப்போகும் சோதனையாகும்.

அட்ரோப்பீன் மிகுந்தால் நோயாளி பிதற்றுவார், படுக்கையைத் துழாவுவார், உடல் கொதிக்கும், குடல் ஒலி மறையும், சிறுநீர் கட்டும். ஊமத்தை விதை உண்டவரிடம் காணப்படும் நிலையும் இதுவே, ஏனெனில் ஊமத்தையில் இருப்பதும் அட்ரோப்பீனும் அதன் உறவுச் சேர்மங்களுமே. இந்நிலையில் சொட்டை நிறுத்தி, குறிகள் தணிந்த பின் குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவர். வியர்வை நின்றுபோன உடல் வெப்பத்தை வெளியேற்ற இயலாது. எனவே மே மாதச் சென்னையில், குளிர்சாதனம் இல்லாத பிரிவில், இந்நோயாளியின் வெப்பநிலையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவர் முரண்டு பிடிப்பதைக் கண்டு கட்டிவைப்பது உடல்வெப்பத்தை மேலும் கூட்டும்.

நோயாளியின் உடைகளை அகற்றித் தோலைக் கழுவுதலும் சிகிச்சையின் பகுதியே. கழுவுபவர் கையுறை அணிதல் வேண்டும்.

அட்ரோப்பீன் தசைச் செயலிழப்பைச் சரிசெய்வதில்லை. தெளிவடைந்து பேசிக்கொண்டிருந்த நோயாளி ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் திடீரென மூச்சுத் தசைகள் தளர்ந்து இறக்க நேரிடலாம். 'இடைநிலைக் கூட்டறிகுறி' எனப்படும் இதனை இலங்கையைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த ஆகியோர் 1987-இல் விவரித்தனர். கழுத்துத் தசைகளின் தளர்ச்சி இதன் முன்னறிவிப்பு. 'தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்' என்று ஒவ்வொரு முறை மாறுதலின்போதும் நோயாளியைக் கேட்பது எளிய, உயிர்காக்கும் சோதனை. தலையைத் தூக்க இயலாதவரின் மூச்சளவை உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

முடங்கிய நொதியை மீட்பதாகக் கருதப்படும் பிராலிடாக்சிம் பற்றி ஒருமித்த முடிவு இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1990-களில் நடந்த ஆய்வுகள் பயனைக் காட்டவில்லை. மகாராட்டிரத்தின் பாராமதியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு மிகை அளவில் பயன் கண்டது. இலங்கையில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு மீண்டும் பயன் காணவில்லை. தரப்படுமாயின் மெதுவாகவே தரப்பட வேண்டும்.

இதே நொதியைச் சிறிது நேரம் மட்டும் தடுக்கும் நியோஸ்டிக்மின், நல்லபாம்புக் கடியில் இமையும் தசையும் தளர்ந்தவர்களுக்கு நச்சுமுறிவு மருந்துடன் பயன்படுகிறது. அதற்கு முன்னர் அட்ரோப்பீன் தருவது ஏன் என்பதை மேலே கூறியவற்றிலிருந்து மாணவர் தாமே உய்த்துணரலாம்.

அட்ரினலின்

அட்ரினலின் ஆல்பா, பீட்டா ஏற்பிகள் இரண்டையும் தூண்டுகிறது. ஊசிமருந்து, உணவு, பூச்சிக்கடி ஆகியவற்றால் ஏற்படும் கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் இதுவே முதல் மருந்து. ஒரு மி.லி.யில் 1 மி.கி. கொண்ட ஆம்பூலிலிருந்து வயது வந்தோருக்கு அரை மி.லி., தொடையின் வெளிப்புறத் தசையில் தரப்படுகிறது. தேவையெனில் ஐந்து நிமிடத்தில் மீண்டும் தரலாம். நம் மருத்துவமனைகளில் ஒவ்வாமை என்றதும் கை முதலில் 'ஏவில்', 'எஃப்கார்லின்' ஆம்பூல்களுக்குச் செல்லும் பழக்கம் ஆழமாக வேரூன்றியுள்ளது. அவை தடிப்பையும் அரிப்பையும் குறைக்கலாம். அடைபடும் மூச்சுக்குழாயையும் விழும் இரத்த அழுத்தத்தையும் உடனே மீட்பதில்லை.

மற்றோர் இடர் தரும் வழி பற்றியது. இதயம் நின்றுபோனவருக்கு 1 மி.கி. சிரைவழி தருவது முறை. அதையே நாடி உள்ள ஒவ்வாமை நோயாளிக்குச் சிரைவழி தந்தால் கொடிய இதயத் துடிப்புக் கோளாறு நேரலாம். அதே ஆம்பூல், அதே நிறமற்ற திரவம். வாய்மொழி ஆணையைச் செவிலியர் திரும்பச் சொல்லி, அளவோடு வழியையும் உறுதிசெய்வது இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

நோரட்ரினலின் சொட்டு சிரைக்கு வெளியே கசிந்தால் அவ்விடத்துத் தோல் வெளுத்துச் சாகும். ஊசி இடத்தை அடிக்கடி பார்ப்பது, இயன்றவரை பெரிய சிரையைப் பயன்படுத்துவது ஆகியன தடுப்பு முறைகள். கசிவுக்கு ஆல்பா தடுப்பியான பென்டோலமின் மாற்று மருந்தாகும்.

மூச்சுக்குழாய் விரிப்பிகள்

2023 திசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து சுற்றுப்புறக் குடியிருப்புகளில் பரவியது. மூச்சுத்திணறல், கண்ணெரிச்சல், மயக்கத்துடன் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அமோனியாவுக்கென மாற்று மருந்து ஏதும் இல்லை. ஈரமான மென்சவ்வில் கரைந்து காரமாக மாறி அதை அரிப்பதே அதன் செயல். எனவே கண்ணையும் தோலையும் நீரால் நெடுநேரம் கழுவுதல், ஆக்சிசன் தருதல், மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் அதை விரித்தல் ஆகியனவே சிகிச்சை. குரல் கம்முவது, உள்ளிழுக்கும் மூச்சில் கீச்சொலி கேட்பது ஆகியன தொண்டை வீங்குவதன் குறிகள். அந்நிலையில் ஆவிமருந்தை நம்பிக் காத்திருத்தல் ஆகாது.

சால்பூட்டமால் பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டி மூச்சுக்குழாயை விரிக்கிறது. நெபுலைசரில் வயது வந்தோருக்கு 2.5 முதல் 5 மி.கி. தரப்படுகிறது. கை நடுக்கமும் படபடப்பும் எதிர்பார்க்கத்தக்கவை. இதை நோயாளியிடம் முன்னரே கூறினால் அச்சம் குறையும். அடுத்தடுத்துத் தரும்போது இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். உடன் சேர்க்கப்படும் இப்ராட்ரோப்பியம், அட்ரோப்பீனின் உறவு. முகமூடி சரியாகப் பொருந்தாமல் ஆவி கண்ணில் பட்டால், கண்ணழுத்த நோய்க்கு ஆளாகக்கூடியவர்களுக்கு அழுத்தம் உயரலாம்.

இதற்கு நேரெதிரானவை புரொப்பரனலால் போன்ற பீட்டா தடுப்பிகள். ஆத்துமா உள்ளவர்க்கு இவை ஆபத்தானவை. கண்ணழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டுமருந்தும் உடலில் உறிஞ்சப்படும் என்பதால், ஆத்துமா நோயாளி 'கண்ணுக்குச் சொட்டு மருந்துதான் போடுகிறேன்' என்று சொன்னால் அதன் பெயரைக் கேட்டறிய வேண்டும்.

அழற்சி எதிர்ப்பு மருந்துகள்

காயம்பட்ட திசுவில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகி வலி, வீக்கம், வெப்பம் ஆகியவற்றைத் தோற்றுவிக்கின்றன. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இவற்றின் உருவாக்கத்தைத் தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே புரோஸ்டாகிளாண்டின்கள் இரைப்பையின் உட்சவ்வையும் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தையும் காப்பவை என்பதால், இம்மருந்துகளின் பயனும் தீங்கும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஆஸ்பிரின் இரத்தத் தட்டணுக்களின் செயலையும் அவற்றின் வாழ்நாள் முழுதும் தடுக்கிறது.

வடசென்னையில் இது டெங்குக் காய்ச்சலோடு நேரடித் தொடர்புடையது. குழாய் நீரையும் லாரி நீரையும் பீப்பாய்களிலும் குடங்களிலும் சேமிக்கும் வீடுகளில், மூடப்படாத நன்னீரில் ஏடிசு கொசு பெருகுகிறது. டெங்குவில் தட்டணுக்கள் குறைந்து, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. இந்நிலையில் ஆஸ்பிரின், இபுபுரோபென், டைக்குளோபினாக் ஆகியவை இரைப்பைக் குருதிக்கசிவுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் வழிவகுக்கும். பாராசிட்டமால் மட்டுமே பரிந்துரைக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு எடையின் ஒரு கிலோவுக்கு 10 மி.கி. வீதம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மிகாமல் தருவது உலக நலவாழ்வு அமைப்பின் டெங்கு வழிகாட்டுதல். காய்ச்சல் முழுவதும் இறங்காவிட்டாலும் இடைவெளியைக் குறைக்கலாகாது. வெதுவெதுப்பான நீரால் உடலைத் துடைக்கலாம்.

மருத்துவமனைக்கு வருமுன் நோயாளி என்ன உட்கொண்டார் என்பதே இங்குச் சிக்கலான கேள்வி. மருந்துக் கடைகளில் மேலுறை இன்றி, பெயர் தெரியாமல் சேர்த்துத் தரப்படும் 'செட்' மாத்திரைகளில் வலிநீக்கியும், சில வேளைகளில் ஸ்டீராய்டும் இருக்கக்கூடும். 'மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். 'கடையில் வாங்கிப் போட்டீர்களா, ஊசி போட்டுக்கொண்டீர்களா, என்ன நிறம்?' என்று கேட்டால் விவரம் கிடைக்கும். காய்ச்சல் விட்டதும் டெங்குவின் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. கசிவுக் கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் குருதி, சிறுநீர் குறைதல் ஆகியன உடனே தெரிவிக்கப்பட வேண்டியவை.

வெயிலில் சுமை தூக்குபவர், நீர்ச்சத்து இழந்தவர், முதியவர் ஆகியோருக்கு இம்மருந்துகளால் சிறுநீரகம் விரைவில் பாதிக்கப்படும். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் போன்ற மருந்தும் சிறுநீர்ப் பெருக்கியும் உட்கொள்பவருக்கு முட்டி வலிக்காக மூன்றாவதாக இதுவும் சேரும்போது இடர் பன்மடங்காகும்.

டைக்குளோபினாக் ஊசி

75 மி.கி. அடங்கிய 3 மி.லி. டைக்குளோபினாக் ஆம்பூலின் அளவுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இம்மருந்து தரப்பட்ட கால்நடைகளின் சடலத்தை உண்ட பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. தெற்காசியாவில் அவற்றின் இனங்கள் அழிவின் விளிம்புக்குச் சென்றன. 2006-இல் இந்தியா கால்நடைப் பயன்பாட்டுக்கான தயாரிப்பைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்க, 2015-இல் மனிதருக்கான ஊசிமருந்தும் 3 மி.லி. ஒற்றை அளவுக் குப்பியாக வரையறுக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் இவ்வரையறையை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் பாறுக் கழுகுகள் எஞ்சியுள்ள முதன்மையான இடம் நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கு.

இவ்வூசி பிட்டத்தின் மேல்-வெளிக் கால்பகுதியில் ஆழமாகத் தசைக்குள் போடப்பட வேண்டும். இடம் தவறினால் இடுப்பு நரம்பு சேதமடைந்து பாதம் தொங்கிப்போகலாம். அரிதாக, ஊசி போட்ட இடத்தில் தோல் நீலமாகிச் சிதைவதும் உண்டு. நாளொன்றுக்கு 150 மி.கி.க்கு மேலும், இரு நாள்களுக்கு மேலும் ஊசியாகத் தருவதில்லை.

ஸ்டீராய்டுகள்

கார்ட்டிசோன் 1948-இல் முடக்குவாத நோயாளிக்கு முதலில் தரப்பட்டபோது வியப்பூட்டும் பயன் தந்தது. தீங்குகள் பின்னர் தெரியவந்தன. கோவிட்-19 பெருந்தொற்றில் பிரித்தானியாவில் நடந்த ரெக்கவரி ஆய்வு (2020), ஆக்சிசன் தேவைப்பட்டோரிடமும் செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரிடமும் டெக்சாமெத்தசோன் இறப்பைக் குறைப்பதையும், ஆக்சிசன் தேவைப்படாதோருக்கு அதனால் பயன் இல்லை என்பதையும் காட்டியது. அளவு நாளுக்கு 6 மி.கி., பத்து நாள்கள் வரை. 2021-இல் இந்தியாவில் மிகை அளவிலும் நெடுநாளும் ஸ்டீராய்டு பெற்ற, சர்க்கரை கட்டுப்படாத பலர் கரும்பூஞ்சை நோய்க்கு ஆளாயினர். விரல்நுனிக் குருதியில் சர்க்கரையை நாளும் பார்ப்பது எவ்வளவு பொருளுடைய பணி என்பதை அவ்வாண்டு உணர்த்தியது.

சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு உட்கொண்டவர் அதைத் திடீரென நிறுத்தலாகாது. 'செட்' மாத்திரையில் அது இருந்தது தெரியாமல் நிறுத்தியவர் இரத்த அழுத்தம் விழுந்த நிலையில் வந்து சேரலாம்.

வலியும் வலிநீக்கிகளும்

வலியை அளக்கக் கருவி இல்லை. நோயாளியின் சொல்லே அளவு. சுழியத்திலிருந்து பத்து வரை எண்ணால் கேட்பது பொதுமுறை. ஆனால் தமிழில் வலிக்குரிய சொற்கள் எண்ணைவிடக் கூடுதலான செய்தியைத் தருவன. 'எரியுது', 'மரத்துப்போச்சு', 'சுரீர்னு இழுக்குது', 'ஊசி குத்துற மாதிரி' என்பன பெரும்பாலும் நரம்புவழி வலியைச் சுட்டும். நீரிழிவாளரின் பாத எரிச்சல் இவ்வகையினது. இதற்குப் பாராசிட்டமாலோ டைக்குளோபினாக்கோ பயன் தருவது குறைவு. அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் போன்றவை பயன்படும். 'கடுக்குது', 'குடையுது' என்பன தசை, எலும்பு, மூட்டு வலியில் பெரிதும் கேட்கப்படுவன. 'நெஞ்சைப் பிசையுது', 'அழுத்துது' என்பவருக்கு வலி மாத்திரைக்கு முன் இதய மின்வரைவு தேவை. அவர் சொன்ன சொல்லையே மேற்கோளாகக் குறிப்பேட்டில் எழுதுவது, 'வலி உள்ளது' என்று எழுதுவதைவிட மருத்துவருக்கு உதவும். பேசவியலாக் குழந்தைகளிடம் முகம், கால், அசைவு, அழுகை, தேற்றத்துக்கு அடங்குதல் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுவர்.

எந்திரத்தில் சிக்கிய கைகளும் விரல்களும் தொழிற்பகுதிகளின் தீராத் துன்பம். ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. விரலுக்கு உணர்விழப்பு ஊசி போடும்போது லிக்னோகைனுடன் அட்ரினலின் கலக்கலாகாது என்பது நெடுங்காலப் பாடம். இரத்தக்குழாய் சுருங்கி விரல் நுனி செத்துவிடும் என்பது காரணம். கனடாவின் கை அறுவை மருத்துவர்கள் 2000-களில் வெளியிட்ட பெருந்தொகை அனுபவங்கள், நீர்த்த அளவில் இது பாதுகாப்பானது எனக் காட்டியபின் பல இடங்களில் வழக்கம் மாறிவருகிறது. சிதைந்து இரத்த ஓட்டம் ஐயத்துக்குரியதான விரலில் இன்றும் எச்சரிக்கை தேவை. எந்தக் குப்பி கேட்கப்பட்டது என்பதைப் பெயர்ச்சீட்டைப் படித்து எடுத்துத் தருவதும், விரல்நுனியின் நிறத்தை அறுவைக்குப் பின் தொடர்ந்து பார்ப்பதும் செவிலியர் பணி.

மார்பீன்

அபினிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுக்கப்பட்ட மார்பீன், புற்றுநோய் வலிக்கு இன்றும் அடிப்படை மருந்து. உலக நலவாழ்வு அமைப்பு 1986-இல் வெளியிட்ட 'வலிநீக்கி ஏணி', வலி கூடக்கூடப் பாராசிட்டமாலிலிருந்து மார்பீன் வரை படிப்படியாக ஏறும் முறையைப் பரப்பியது. ஆனால் இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் உரிமச் சிக்கல்களால் பல மருத்துவமனைகள் மார்பீனை வைத்திருப்பதையே கைவிட்டன. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் 'இன்றியமையாப் போதை மருந்துகள்' என ஒரு பிரிவை உருவாக்கி உரிம முறையை எளிதாக்கியது. சட்டம் தளர்ந்த பின்னும் அச்சம் எஞ்சியுள்ளது. வலியால் துடிக்கும் புற்றுநோயாளிக்கு 'பழக்கமாகிவிடும்' என்று மருந்தைக் குறைப்பது அறிவியல் அடிப்படையற்றது.

தரும் முன்னும் பின்னும் மூச்சு எண்ணிக்கையும் விழிப்பு நிலையும் பார்க்கப்படுகின்றன. மூச்சு குறையுமுன் பெரும்பாலும் உறக்கநிலை ஆழ்ந்துவிடும். எனவே பேசிக்கொண்டே கண்ணயர்பவரை 'நன்றாகத் தூங்குகிறார்' என்று விட்டுவிடலாகாது. மலச்சிக்கல் ஏறத்தாழ அனைவருக்கும் வரும். மலமிளக்கியும் சேர்த்து எழுதப்பட்டுள்ளதா என்று கேட்க வேண்டும். மாற்று மருந்தான நலொக்சோனின் செயல் மார்பீனின் செயலைவிட விரைவில் முடிந்துவிடும். கண்விழித்துப் பேசியவர் ஒரு மணி நேரத்தில் மீண்டும் மூச்சு அடங்கிப் போகலாம்.

வலி மாத்திரைகளின் தவறான பயன்பாடு

தபென்டடால், டிரமடால் ஆகியவை மார்பீன் ஏற்பியில் செயற்படும் செயற்கை மருந்துகள். டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2020-களில் சென்னையில், குறிப்பாக வடசென்னைப் பகுதிகளில், 'உடல்வலி நிவாரண மாத்திரை' என்ற பெயரில் தபென்டடால் சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்பட்டதாகக் கைதுகள் அடிக்கடி செய்தியாயின. இளைஞர்கள் சிலர் மாத்திரையைக் கரைத்துச் சிரையில் செலுத்திக்கொள்கின்றனர். வாய்வழி உட்கொள்ளச் செய்யப்பட்ட மாத்திரையின் கரையாத மாவுப்பொருள் இரத்தக்குழாயை அடைத்து, சீழ்க்கட்டி, கை அழுகல், நுரையீரல் பாதிப்பு ஆகியவற்றுக்குக் காரணமாகிறது. ஊசியைப் பகிர்வதால் கல்லீரல் அழற்சியும் எச்.ஐ.வி.யும் பரவும்.

இத்தகையவர் மருத்துவமனைக்கு வரும்போது காவல்துறைக்கு அஞ்சி உண்மையை மறைப்பர். ஊசிமுனைக் கண்பாவை, குறைந்த மூச்சு, ஆழ்ந்த மயக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் இவ்வகை மருந்தை ஐயுற வேண்டும். கண்பாவை பூச்சிக்கொல்லி நஞ்சிலும் இவ்வாறே சுருங்கும். ஆனால் அங்கு உடல் நனைந்திருக்கும், இங்கு உலர்ந்திருக்கும். டிரமடால் மிகையில் வலிப்பு வரலாம். மனச்சோர்வு மருந்துகளுடன் சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு தோன்றலாம்.

இவர்களுள் ஒருவருக்கு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தால், வழக்கமான அளவு வலி மருந்து போதாது. உடல் அதற்குப் பழகிவிட்டது. கூடுதலாகக் கேட்பதை நடிப்பென்று கருதி மறுத்தால் வலியோடு விலகல் அறிகுறிகளும் சேரும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, விரிந்த கண்பாவை என வரும் அவ்வறிகுறிகள் பெரும்பாலும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் குறிகளே. அவற்றைத் தணிக்கப் பயன்படும் குளோனிடின், பரிவு நரம்பின் வேகத்தை மூளையிலேயே குறைக்கும் ஆல்பா-2 தூண்டி ஆகும். ஒவ்வொரு அளவுக்கு முன்னும் இரத்த அழுத்தம் பார்த்தே தரப்படுகிறது.